களஞ்சியத்தின் திறப்பு யார் கையில்?

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் சமயம், இலக்கியம், ஒழுக்கம் என்பன பற்றிப் பேசுவதே வழக்கம். யான் இன்று பேசப் புகுந்திருப்பதோ ஒரு கணினிச் சங்கதி. "இஃதென்ன, வாலிபர் சங்கத்து மேடையில் வயரும் பெட்டியுமா?" என்று பெரியோர்கள் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன். கருவி கணினியாயினும் கருத்து குடும்பம் பற்றியது. நம் வீட்டு நினைவுகளைச் சேர்த்து வைப்பது எப்படி, அவற்றைத் தூரதேசத்து உறவினரோடு பத்திரமாகப் பகிர்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அப்பா அம்மாவின் கலியாண அல்பம், பாட்டனார் வயல் வரம்பில் நின்று எடுத்த படம், அக்காவின் சாமத்திய வீட்டு வீடியோ நாடா, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் யாவும் அதனுள்ளே கிடந்தன. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் ஏறியது அதுதான். ஊர் ஊராக எங்களோடு வந்தது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் நாங்கள் நுழைந்தபோது கையில் இருந்தது ஒரு பை மட்டுமே. தகரப் பெட்டி எந்த ஊரில் நின்றுவிட்டது என்பது இன்றுவரை தெரியாது. இஃது என் வீட்டுக் கதை மாத்திரம் அன்று. இம்மண்டபத்தில் இருப்போரிற் பலர் இப்போது தத்தம் பெட்டியை நினைத்துக் கொண்டிருப்பீர்கள்.

சில ஆண்டுகளின் பின் கனடாவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. பெரியப்பா அனுப்பியிருந்தார். முன்னொரு காலத்தில் அம்மா அவருக்கு விமானத் தபாலில் அனுப்பிய பதினொரு படங்களின் பிரதிகள் அதனுள் இருந்தன. வரம்பில் நிற்கும் பாட்டனாரும் அவற்றுள் இருந்தார். அம்மா அப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அன்றுதான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது: பூட்டி வைத்தது போயிற்று, பகிர்ந்தது பிழைத்தது.

நம் இனத்தின் நூல்களுக்கும் இதுவே நேர்ந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறோரிடத்தில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் வாங்கலாயிற்று. ஒரே பிரதியாய் இருந்தவை போனவை போனவையே. இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்கள். அச்சேறிய நூல் ஆயிரம் வீடுகளுக்குப் போயிற்று. ஆயிரம் வீடுகளும் ஒரே நாளில் எரியமாட்டா. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் தொகுப்பும் இதே அறிவைத்தான் இக்காலக் கருவி கொண்டு செயற்படுத்துகின்றது.

படம் என்பது வேடிக்கைப் பொருளன்று, அன்பர்களே. 2017ஆம் ஆண்டு மாசி மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் தம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நீதி கேட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கையில் ஏந்தியிருந்தவை யாவை? பிள்ளையின் படங்களே. ஒரு படம் ஒரு பிள்ளை வாழ்ந்ததற்குச் சாட்சியாய் நிற்கும் நாடு இது. ஆதலின் படங்களைக் காப்பது பொழுதுபோக்கு எனக் கொள்ளற்க, அது கடமை.

இனிக் கருவிக்கு வருவோம். இந்நாளில் படங்களும் வீடியோக்களும் கைத்தொலைபேசிகளில் நிறைந்து கிடக்கின்றன. கைத்தொலைபேசி கிணற்றில் விழுந்தால் எல்லாம் விழும். ஆதலின் இளைஞர் பலர் வீட்டிலே ஒரு பழைய மடிக்கணினியையோ, உள்ளங்கை அளவேயுள்ள ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியையோ எந்நேரமும் இயங்க வைத்து, அதில் குடும்பத்தின் படம், பாட்டு, வீடியோ யாவற்றையும் சேர்க்கின்றனர். இதனை வழங்கி என்பர். பிள்ளைகள் சேவர் என்று சொல்வதும் இதனையே. யான் பயன்படுத்துவது ஜெல்லிஃபின் என்னும் மென்பொருள். 2018ஆம் ஆண்டின் இறுதியில் தன்னார்வலர்கள் தொடங்கியது, விலையில்லாதது, மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. வீட்டு வைபையில் இருக்கும் எந்தத் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் அக்களஞ்சியத்தைப் பார்க்கலாம். வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கலன்று நாங்கள் எடுத்த வீடியோவை அம்மா விறாந்தையில் இருந்தபடியே பார்க்கிறார்.

அம்மா பார்த்தால் போதுமா? கனடாவில் இருக்கும் பெரியப்பா, கடல்நீரில் விளக்கெரியும் அந்த அம்மன் சந்நிதியைக் கண்டு பல ஆண்டுகள் ஆயின. "தம்பி, எனக்கும் காட்டடா" என்றார். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எல்லார் வீட்டிலும் றவுட்டர் என்றொரு பெட்டி உண்டன்றோ? அதனை வீட்டுப் படலை என்று எண்ணுங்கள். உள்ளிருப்போர் வெளியே போகலாம். வெளியார் தாமாக உள்ளே வர முடியாது. வெளியூரார் உள்ளே வரவேண்டுமாயின் இலகுவான வழி ஒன்றுண்டு. றவுட்டரிலே ஒரு வாயிலைத் திறந்து, வருவோரையெல்லாம் வழங்கியிடம் அனுப்புமாறு எழுதி விடுவது. ஜெல்லிஃபினுக்குரிய வாயிலின் எண் 8096. யானும் ஆசை மேலீட்டால் அவ்வாறே செய்தேன். ஐந்து நிமிட வேலை. பெரியப்பா மகிழ்ந்தார். யானும் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வழங்கியின் பதிவேட்டைத் தற்செயலாகத் திறந்து பார்த்தேன். முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து, அட்மின் என்றும் றூட் என்றும் பெயர் சொல்லி, கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு, இரவெல்லாம் கதவைத் தட்டியிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு திடுக்குற்றது. உள்ளே இருப்பவை எவை? அக்காவின் பிள்ளைகளின் படங்கள், குடும்பத்துப் பெண்களின் படங்கள், பிரதி செய்து வைத்த காணி உறுதிகள்! அப்பொழுதே வாயிலை அடைத்தேன்.

"வன்னியிலே ஒரு மூலையில் இருக்கும் நம் வீட்டை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். யானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இணையத்தில் மூலை முடுக்கு என்பது கிடையாது. பழைய முறையிலான இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. அவையனைத்தையும் ஒரே கணினியைக் கொண்டு 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013இல் செய்தே காட்டினார்கள். நம் வீட்டைத் தேடி எவரும் வருவதில்லை. எல்லா வீட்டையும் தட்டிக்கொண்டு போகிறார்கள். திறந்திருக்கும் வீட்டில் நுழைகிறார்கள். அவ்வளவே.

இதனால் விளைந்த கேடுகளுள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 2016இல் மிராய் என்னும் தீநிரல் பரவிற்று. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாதிருந்த கமராக்களிலும் றவுட்டர்களிலும் அது புகுந்தது. அதற்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 60 பெயர்களும் கடவுச்சொற்களும் கொண்ட ஒரு சிறு பட்டியல் மாத்திரமே. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அந்தக் கமராப் பட்டாளம் தாக்கியதால் அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின.

இரண்டாவது, 2022 தை மாதத்தில் டெட்போல்ட் என்னும் கொள்ளைநிரல், கியூநாப் நிறுவனத்தின் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளில் இணையத்துக்குத் திறந்து விடப்பட்டவற்றைத் தாக்கிற்று. உள்ளிருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்புத் தர 0.03 பிட்கொயின் கப்பம் கேட்டது. பூட்டப்பட்டவற்றுள் குடும்பப் படங்களும் சிறு வணிகர்களின் கணக்குகளும் இருந்தன. அந்நிறுவனம் உடனே கூறிய அறிவுரை, றவுட்டரில் திறந்த வாயிலை அடையுங்கள் என்பதே.

மூன்றாவது, மிகுந்த படிப்பினை தருவது. கோடிக்கணக்கான கடவுச்சொற்களைக் காத்துக் கொடுக்கும் தொழிலையே செய்கின்ற லாஸ்ட்பாஸ் என்னும் நிறுவனம் 2022இல் கொள்ளை போயிற்று. கள்வர் நுழைந்த வழிகளுள் ஒன்று எது தெரியுமா? அந்நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த படம் பார்க்கும் மென்பொருள்! அது பிளெக்ஸ் என்பது பின்னர் தெரியவந்தது. அதிலிருந்த ஓட்டையை 2020ஆம் ஆண்டு மே மாதத்திலேயே தயாரித்தோர் அடைத்துப் புதிய பதிப்பு வெளியிட்டிருந்தனர். பொறியியலாளர் அதனை இறக்கிக் கொள்ளவில்லை. இரண்டாண்டுச் சோம்பலால் வந்த வினை. காவல் தொழில் செய்வோர் வீட்டிலேயே இப்படியாயின், நாம் எம்மாத்திரம்?

ஆயின், பெரியப்பாவுக்குக் கதவை அடைத்து விடுவதா? அஃதும் தகாது. தகரப் பெட்டியின் பாடத்தை மறந்தவர்களாவோம். பகிரவும் வேண்டும், காக்கவும் வேண்டும். இதற்கு விடை நம் வன்னி மண்ணிலேயே இருக்கிறது.

இரணைமடுக் குளத்தைப் பாருங்கள். கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி வயல்களுக்குக் கொடுக்கின்றது. தண்ணீர் வேண்டும் என்பதற்காக எந்தக் கமக்காரனாவது குளக்கட்டை வெட்டுவானா? வெட்டினால் அவன் வயலும் போகும், ஊரும் போகும். தண்ணீர் போவதற்குத் துருசு இருக்கிறது. துருசைத் திறப்பதற்கு உரியவர் இருக்கிறார். வட்டவிதானையார் காலந்தொட்டு, யாருக்கு எவ்வளவு, எப்பொழுது என்ற கணக்கும் இருக்கிறது. றவுட்டரில் வாயிலைத் திறந்து விடுவது கட்டை வெட்டுவது போன்றது. நமக்கு வேண்டியது துருசு.

கணினி உலகில் அத்துருசுக்கு வீபிஎன் என்று பெயர். பொது இணையத்தினூடே, உரியவர் மாத்திரம் பயணிக்கும் மூடிய சுரங்கம் என்று கொள்ளுங்கள். இக்காலத்தில் சிறந்ததென்று பலரும் போற்றுவது வயர்காட். ஜேசன் டொனன்ஃபெல்ட் என்பார் ஆக்கியது. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு திறப்புகள் உண்டு. ஒன்று இரகசியத் திறப்பு. அது அக்கருவியை விட்டு வெளியே போகாது. மற்றது பகிரங்கத் திறப்பு; அதை எவரிடமும் கொடுக்கலாம். பெரியப்பாவின் கைத்தொலைபேசியின் பகிரங்கத் திறப்பை என் வழங்கியில் எழுதுகிறேன். என் வழங்கியின் பகிரங்கத் திறப்பு அவர் கைத்தொலைபேசியில் எழுதப்படுகிறது. அதன்பின் இருவருக்குமிடையே செல்வதெல்லாம் மறைகுறியாகவே செல்லும். வழியில் எவர் எடுத்துப் பார்த்தாலும் பொருள் விளங்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்றுண்டு. உரிய திறப்பு இல்லாதவன் வந்து தட்டினால் வயர்காட் பதிலே சொல்லாது. "உள்ளே வராதே" என்றுகூடச் சொல்லாது. அங்கே ஒரு வீடு இருப்பதாகவே தட்டியவனுக்குத் தெரியாது. வாயாடுகின்ற காவற்காரனிலும் வாய்திறவாக் காவற்காரன் மேலானவன் அன்றோ?

நம் பகுதிகளில் இன்னுமொரு தடை உண்டு. 4ஜி றவுட்டர் கொண்டு இணையம் பெறும் வீடுகள் நம்மிடையே அதிகம். அத்தகைய இணைப்புகளில் பெரும்பாலும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுக்கப்படுகிறது. ஒழுங்கை முழுவதற்கும் ஒரே தபாற்பெட்டி வைத்தது போல. அவ்வீடுகளுக்கு வெளியிலிருந்து நேரே வழி காண முடியாது. அதற்கும் மாற்று உண்டு. டெயில்ஸ்கேல் என்னும் சேவை அதே வயர்காட்டை அடிப்படையாகக் கொண்டது. வழங்கியும் கைத்தொலைபேசியும் இரண்டுமே உள்ளிருந்து வெளியே சென்று ஓரிடத்தில் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. பின்னர் தமக்குள் சுரங்கம் அமைக்கின்றன. றவுட்டரில் ஒரு வாயிலும் திறக்க வேண்டியதில்லை. சிறு குடும்பங்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. யான் இப்போது பயன்படுத்துவது இதுவே. பெரியப்பாவின் கைத்தொலைபேசியில் இதனை ஒழுங்குசெய்ய, வீடியோ அழைப்பில் ஒரு மாலைப் பொழுது போதுமாயிருந்தது.

சுரங்கம் அமைத்தாயிற்று என்று உறங்கிவிடலாகாது. இளைஞர்களே, நீங்கள் மனத்திற் பதிக்க வேண்டியவை ஐந்து.

ஒன்று, ஆளுக்கொரு திறப்பு. குடும்பம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்து, அதையும் வாட்ஸ்அப் குழுவிலே எழுதி வைப்பது பெருந்தவறு. பெரியப்பாவின் கைத்தொலைபேசி தொலைந்தால் அந்த ஒரு திறப்பை மாத்திரம் நீக்கலாம்; மற்றவர்க்கு இடையூறில்லை.

இரண்டு, யார் எதைப் பார்ப்பது என்ற வரையறை. ஜெல்லிஃபினில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு வைத்து, எந்தத் தொகுப்பை அவர் காணலாம் என்று தீர்மானிக்கலாம். கோவில் திருவிழா எல்லோர்க்கும். சாமத்திய வீட்டு வீடியோ நெருங்கிய உறவினர்க்கு. காணி உறுதியும் சாட்சிப் பத்திரமும் அதில் வேண்டவே வேண்டாம், அவற்றை வேறாக வைத்துக் கொள்க. படத்தில் இருப்பவர் ஒரு பெண்பிள்ளையாயின் அவளுடைய சம்மதத்தைக் கேட்க மறவாதீர்கள்.

மூன்று, இரட்டைப் பூட்டு. கோவில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு திறப்பையும் இருவேறு ஆட்களிடம் கொடுப்பது வழக்கம். களவெடுப்பவன் இருவரிடமும் களவெடுக்க வேண்டும். உங்கள் மின்னஞ்சல் கணக்குக்கும் டெயில்ஸ்கேல் கணக்குக்கும் அவ்வாறே கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் இணைத்து வையுங்கள்.

நான்கு, இற்றைப்படுத்தல். லாஸ்ட்பாஸ் பொறியியலாளரை நினைவில் வையுங்கள். மாதத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்து, வழங்கி, றவுட்டர், கைத்தொலைபேசி மூன்றையும் புதுப்பியுங்கள். பூரணை நாள் விடுமுறையாதலின் மறவாதிருக்க அதுவே நல்ல நாள்.

ஐந்து, பிரதி. எவ்வளவு பூட்டினாலும் பெட்டி ஒன்றேயாயின் அது தகரப் பெட்டியே. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மறக்கவில்லை. 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதையும் மறக்கவில்லை. மின்வெட்டு நேரத்தில் திடீரென நின்றுபோகும் வட்டு பழுதாகலாம். ஆதலின் சிறியதாயினும் ஒரு மின்கலத் துணை வேண்டும். படங்களுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று வழங்கியில், ஒன்று வேறொரு வட்டில், ஒன்று வேறோர் ஊரில். அவ்வூர் கடல் கடந்ததாயின் மிக நன்று. எங்கள் மூன்றாம் பிரதி பெரியப்பா வீட்டில் இருக்கிறது.

இவ்வளவும் இளைஞர்களுக்கு. இனிப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்.

கனடாவிலிருந்து வந்த பதினொரு படங்களையும் வழங்கியில் ஏற்றியபோது ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுத விரும்பினேன். ஒரு படத்தில் பாட்டனார் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். தோளில் சால்வை, கையில் மண்வெட்டி, முகத்தில் நல்ல சிரிப்பு. அம்மாவைக் கேட்டேன், தெரியவில்லை. பெரியப்பாவைக் கேட்டேன்; "எங்கள் பக்கத்து வயற்காரர், பேர் வாயில் நிற்குது, வருகுதில்லை" என்றார். அயலில் முதியவர் ஒருவரிடம் கேட்கலாம் என்று நாட்களைத் தள்ளினேன். கேட்கப் போவதற்குள் அவர் சிவபதம் அடைந்துவிட்டார். படம் இருக்கிறது, மூன்று பிரதிகள் இருக்கின்றன, வயர்காட் காவல் இருக்கிறது. சிரிக்கும் அம்மனிதரின் பெயர் மாத்திரம் இல்லை.

ஆதலின் பெரியோர்களே, பிள்ளைகள் படத்தைக் கொண்டுவந்து "இது யார்?" என்று கேட்கும்போது "உனக்கேன் இது?" என்று தள்ளிவிடாதீர்கள். இருத்தி வைத்துச் சொல்லுங்கள்: பெயர், ஊர், உறவுமுறை, எந்தத் திருவிழா, எந்த வயல். இளைஞர்களே, கேட்பதைப் பிற்போடாதீர்கள். களஞ்சியத்தை அமைக்கும் திறமை உங்களிடம் உண்டு. அதனுள் வைக்க வேண்டிய நெல் அவர்களிடம் உண்டு.

இச்சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. மாதத்தில் ஒரு மாலை இம்மண்டபத்தைத் திறந்து வையுங்கள். முதியோர் தம்மிடமுள்ள படங்களைக் கொண்டு வரட்டும், இளைஞர் பிரதி செய்யட்டும், பெயரெழுதட்டும், பாதுகாப்பாகப் பகிரும் முறையை ஒருவருக்கொருவர் கற்பிக்கட்டும். செலவு அதிகமில்லை, ஒரு பழைய கணினியும் இரண்டு வட்டுகளும் போதும். முதல் மாலைக்கு அந்தப் பதினொரு படங்களோடு யான் வருகிறேன். பாட்டனார் பக்கத்தில் நிற்பவரை உங்களில் எவராவது அடையாளம் காண்பீர்களோ என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது.